முப்பத்தோராம் வாளி

அந்தப் பெரிய மிருகக்காட்சிசாலையில் ஆயிரத்து நானூறு உயிர்கள் இருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் தினமும் தின்றது அக்கா நறுக்கிக் கொடுத்ததைத்தான். ஆனால் வேலைக்குச் சேர்ந்து பதினாறு வருஷத்தில் அவள் ஓர் ஒட்டகச்சிவிங்கியைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. பின்பக்க மதிலுக்கு மேலே தெரிகிற தலையையும் கொஞ்சம் கழுத்தையும் பார்த்திருக்கிறாள். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவள் கவலைப்பட்டதில்லை.

அவளை அங்கே எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த ஸ்டோர்காரரும் அக்கா என்பார். தீவன அறை, பின்வாசலை ஒட்டி இருந்தது. தகரக் கூரை, நீளமான இரண்டு எஃகு மேஜைகள், ஒரு தராசு, மூன்று பெரிய அடுப்புகள், சுவரில் ஒரு பட்டியல். பட்டியலில் ஒவ்வொரு கூண்டுக்கும் ஓர் எண், தீவனக் கணக்கு; மிருகத்தின் பெயர் சிலவற்றுக்குத்தான் இருக்கும். அதே எண் பெயிண்டால் எழுதிய வாளிகள் சுவரோரம் வரிசையாக இருக்கும். காலை ஐந்தரைக்கு அக்கா ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கத்தியைக் கையில் எடுத்தால், ஏழரைக்குக் கீப்பர்கள் தள்ளுவண்டிகளோடு வருவதற்குள் அத்தனை வாளியும் நிறைந்திருக்க வேண்டும். கிளிகளுக்குக் கேரட்டைப் பட்டாணி அளவில் நறுக்கணும். யானைக்குப் பூசணியை நாலாகப் பிளந்தால் போதும். குரங்குகளுக்கு எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்கணும்; ஒன்று பெரிதாகப் போனால் அங்கே அடிதடி.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வாளிகள் திரும்பி வரும். மிச்சம் இருப்பதை எடை போட்டு நோட்டில் எழுதிவிட்டுக் கழுவிக் கவிழ்த்தால் வேலை முடிந்தது. ஒன்றரை மணி பஸ்ஸில் வீடு. முன்வாசல் எங்கோ அந்தக் கோடியில் இருந்தது. அந்தப் பக்கம் போக அவளுக்கு வேலையும் இல்லை, தீவன அறை உடுப்போடு பார்வையாளர்கள் நடுவில் நடமாட அனுமதியும் இல்லை. "ஒரு நாள் போய்ச் சுத்திப் பார்த்துட்டு வரலாமே" என்று அச்சகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவர் சில தடவை சொல்லியிருக்கிறார். "லீவு நாள்லயும் அங்கேயேவா?" என்று அவள் காலை நீட்டிப் படுத்துக்கொள்வாள். ஒரே மகன் கப்பல் பட்டறை வேலைக்கு வெளியூர் போன பிறகு கூட்டிப்போகச் சொல்லி நச்சரிக்கவும் ஆள் இல்லை.

மிருகங்களைப் பார்க்காவிட்டாலும் அவற்றின் வாயும் வயிறும் அவளுக்கு அத்துப்படி. எல்லாம் திரும்பி வரும் வாளிகளிலிருந்து தெரிந்துகொண்டது. பன்னிரண்டாம் எண்ணில் யாரோ ஒருத்தர் பப்பாளியைத் தொடுவதில்லை. நாற்பத்தேழு எதையும் பாதி கடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடும். "இருபத்தொண்ணுக்கு ரெண்டு நாளா வயிறு சரியில்ல சார், டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க" என்று அவள் ஸ்டோர்காரரிடம் சொல்வாள். டாக்டரம்மா போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

முப்பத்தொன்று ஒரு கிழட்டு ஆண் கரடி. பட்டியலில் 'வயது 28, பல் இல்லை' என்று போட்டிருந்தது. கீப்பர்கள் அதைக் கிழவன் என்றார்கள். பல் இல்லாததால் அதற்கு எல்லாவற்றையும் வேகவைத்து, கையால் மசித்து, கஞ்சியோடு கலந்து, சத்து மாத்திரையைப் பேரீச்சம்பழத்துக்குள் ஒளித்துக் கொடுக்க வேண்டும். தினமும் இருபத்தைந்து நிமிஷம் அந்த ஒரு வாளிக்கே போகும். வேறு யாரிடமாவது கொடுத்தால் அவசரத்தில் கட்டி கட்டியாக விட்டுவிடுகிறார்கள் என்று அதை மட்டும் அக்கா தானே செய்தாள். சில மாதங்களாகக் கிழவன் முட்டையைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. பதினொரு வருஷமாகச் சப்புக்கொட்டித் தின்ற முட்டை. அவள் மஞ்சள் கருவை நீக்கிப் பார்த்தாள், நன்றாக மசித்துப் பார்த்தாள், தேன் தடவிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கஞ்சி காலியாகும், முட்டை அப்படியே வரும். மூன்று தடவை ஸ்டோர்காரரிடம் சொன்னாள். அவர் மூன்று தடவையும் "பார்க்கலாம் அக்கா" என்றார்.

அப்போதுதான் அவளுடைய நாத்தனார் போன் செய்தாள். கணவரின் தங்கை, வேறு ஊரில் இருக்கிறாள், ஒன்பது வயதிலும் ஆறு வயதிலுமாக இரண்டு பெண்கள்.

"அண்ணி, ஸ்கூல் லீவு. பசங்களைக் கூட்டிக்கிட்டு வரேன். ஜூவுக்குப் போகணும்னு ஒரே ஆட்டம்."

"வாங்களேன். உங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போகச் சொல்றேன்."

"அய்யோ, நீங்கதான் வரணும். அண்ணி, ஒரு விஷயம். நான் பசங்ககிட்ட கொஞ்சம் கூடுதலா சொல்லி வச்சிருக்கேன்."

"என்னன்னு?"

"நீங்க புலிக்குச் சாப்பாடு போடுறீங்கன்னு. பெரியவ அதை ஸ்கூல்ல கட்டுரையா எழுதிட்டா. கைதட்டல் எல்லாம் வாங்கிட்டா. நீங்கதான் எப்படியாவது சமாளிக்கணும்."

அக்கா சிரித்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தாள்.

அன்றுதான் அவள் முதல்முதலாக முன்வாசல் வழியாக உள்ளே போனாள். டிக்கெட் கொடுக்கும் இளைஞன் அவளுடைய ஊழியர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இங்கேயா வேலை செய்றீங்க? நான் பார்த்ததே இல்லையே."

"நானும்தான் உங்களைப் பார்த்ததில்ல தம்பி" என்றாள் அக்கா.

உள்ளே நுழைந்ததும் பாதை ஐந்தாகப் பிரிந்தது. பலூன் விற்பவர்கள், தள்ளுவண்டியில் குழந்தைகள், மர நிழலில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்ட குடும்பங்கள். அக்கா வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு இடமா வலமா என்று யோசித்தாள். கடைசியில் பெரிய பெண் அதை வாங்கித் தலைகீழாக இருந்ததைத் திருப்பிப் பிடித்தாள்.

"அத்தை, உங்களுக்கு வழி தெரியாதா?"

"நான் பின்வாசல் ஆளும்மா. இந்தப் பக்கம் எனக்கும் புதுசுதான்."

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒரு மரத்தைப் பார்த்தாள்.

புலி ஒரு பாறைமேல் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அகழிக்கு இந்தப் பக்கம் நூறு பேர் கைபேசியைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். பெரியவள் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கூப்பிடுங்க அத்தை. உங்க குரல் கேட்டா எழுந்துக்கும்ல?"

பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனார் தொண்டையைச் செருமினாள். அக்காவுக்குச் சமாளிக்கத் தெரியவில்லை. உண்மையையே சொன்னாள்.

"புலிக்குக் கறி வெட்டுறது வேற ரூம், வேற ஆளு. நான் காய்கறி, பழம், கஞ்சி. இந்தப் புலியை நானும் இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

பெரியவளின் முகம் விழுந்துவிட்டது. சின்னவள்தான் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்போ நீங்க யாருக்குப் போடுறீங்க அத்தை?"

அக்கா சுற்றும் முற்றும் பார்த்தாள். புலிக்கூண்டுக்கு எதிரே, முழங்கால் உயரத்தில், பார்வையாளர் யாரும் கவனிக்காத ஒரு சின்னத் தகடு இருந்தது. அதில் 12 என்று எழுதியிருந்தது. அது கருங்குரங்குகளின் இடம்.

"இவங்களுக்கு" என்றாள். "இதுல யாரோ ஒருத்தருக்குப் பப்பாளி பிடிக்காது. யாருன்னு எனக்கும் தெரியாது."

பதினோரு மணி வாளியோடு கீப்பர் உள்ளே வந்ததும் குரங்குகள் இறங்கி வந்தன. நாலு பேரும் கம்பியில் மூக்கை வைத்துப் பார்த்தார்கள். வால் நுனி ஒடிந்த ஒரு பெண் குரங்கு வாளிக்குள் கைவிட்டு ஒரு பப்பாளித் துண்டை எடுத்தது, மோந்தது, முதுகுக்குப் பின்னால் வீசி எறிந்தது. இன்னொன்றை எடுத்தது, அதையும் வீசியது.

"இவதான்!" என்று சின்னவள் கத்தினாள்.

"இவளா?" என்றாள் அக்கா. பதினாறு வருஷத்தில் இப்படி ஓர் ஒடிந்த வாலை அவள் யோசித்துப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு வரைபடத்தை யாரும் பார்க்கவில்லை. பெரியவள் முன்னால் ஓடித் தகடுகளைத் தேடி எண்ணைக் கத்துவாள். அக்கா பின்னாலிருந்து பதில் சொல்வாள். "நாற்பத்தேழு!" "எல்லாத்தையும் பாதி கடிச்சு வைக்கும்." போய்ப் பார்த்தால் முள்ளம்பன்றி ஒன்று கடித்த உருளைக்கிழங்குகளின் நடுவில் உட்கார்ந்திருக்கும். "அறுபத்திரண்டு!" "கீரையும் பூசணியும், மூணு கிலோ. ஏதோ பன்றி மாதிரி இருக்கும்னு நெனைக்கிறேன்." அது ஒரு பிரம்மாண்டமான ஆமை. அக்கா நம்பாமல் தகட்டை இரண்டாம் தடவை படித்தாள். மூன்று கிலோ கீரையைத் தின்றுவிட்டு ஆமையாக இருப்பதில் அவளுக்கு ஏதோ ஏமாற்றம். பின்னால் நடந்து வந்த ஒரு குடும்பமும் இவர்களோடு ஒட்டிக்கொண்டது, அந்த வீட்டுப் பெரியவர், "இதுக்கு என்னம்மா போடுவீங்க?" என்று கூண்டுக்குக் கூண்டு கேட்டுக்கொண்டே வந்தார். நாத்தனாருக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க அண்ணி" என்று அவரிடம் இரண்டு தடவை சொன்னாள்.

முப்பத்தொன்றைக் கடைசிக்கு வைத்திருந்தது அக்காதான். அங்கே போகும் வழியில் பிள்ளைகளிடம் கிழவனைப் பற்றிச் சொன்னாள்: பல் இல்லை, கஞ்சி மட்டும், மாத்திரையைப் பேரீச்சம்பழத்தில் ஒளிக்கணும், கட்டி இருந்தால் துப்பிவிடும்.

கூண்டில் ஒன்றும் இல்லை. ஒரு கல்மேடை, பட்டுப்போன மரத்தண்டு ஒன்று, தண்ணீர் இல்லாத தொட்டி. தொட்டியின் அடியில் காய்ந்த இலைகள் குவிந்திருந்தன. 31 என்ற தகடு இருந்தது. கரடியைப் பற்றிய பெரிய பலகை இருந்த இடத்தில் நாலு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன.

"உள்ளே தூங்குதா அத்தை?"

"இருக்கும். கொஞ்சம் நிப்போம்."

கால் மணி நேரம் நின்றார்கள். கூட வந்த குடும்பம் நகர்ந்துவிட்டது. அப்போது அந்தப் பக்கத்துக் கீப்பர் காலித் தள்ளுவண்டியோடு வந்தான். அடர்ந்த மீசை வைத்திருந்ததால் அவனுக்குப் பெயரே மீசை. தினமும் காலையில் தீவன அறையில் பார்க்கும் ஆள்தான். பூட்ஸும் தலைத்துணியும் இல்லாத அக்காவை அவனுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

"அக்கா? நீங்களா? இந்தப் பக்கம்?"

"கிழவன் எங்கே?"

மீசை பிள்ளைகளைப் பார்த்தான். நாத்தனார் புரிந்துகொண்டு, "வாங்கடி, ஐஸ்க்ரீம் வாங்கலாம்" என்று இரண்டு பேரையும் தள்ளிக்கொண்டு போனாள்.

"அக்கா, அது போயி ஏழு மாசம் ஆச்சே" என்றான் மீசை. "தூக்கத்துலேயே போயிடுச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

"நேத்து முப்பத்தொண்ணு போச்சே. நீதானே எடுத்துட்டுப் போனே."

"ஆமா."

"யாருக்கு?"

மீசை கொஞ்ச நேரம் மீசையைத் தடவினான். பிறகு கூண்டின் பக்கவாட்டில் இருந்த இரும்புக் கதவைத் திறந்து அவளைப் பின்னால் கூட்டிப்போனான். அது பார்வையாளருக்கு இல்லாத பகுதி. ஈரச் சிமெண்ட் தரை, பினாயில் வாசம், வரிசையாக மூன்று அறைகள். நடு அறையின் மூலையில் ஒரு பெண் கரடி உட்கார்ந்து தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருந்தது. மூக்கின் மேல் கயிறு கோத்த பழைய ஓட்டை தழும்பாகியிருந்தது.

ஊர் ஊராகக் கொண்டுபோய் ஆடவைத்துப் பிழைத்த ஒரு கூட்டத்திடமிருந்து அதை மீட்டு வந்திருந்தார்கள். கடிக்காமல் இருக்க அவர்களே பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். கிழவன் செத்த வாரமும் இது வந்த வாரமும் ஒன்று. வழக்கு முடிந்து மேலிடத்திலிருந்து காகிதம் வரும்வரை இது இந்த மிருகக்காட்சிசாலையின் மிருகம் இல்லை. மிருகமே இல்லாதபோது தீவனம் எப்படி? கிழவனின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தால் அந்த வாளியும் போய்விடும். ஸ்டோர்காரரும் டாக்டரம்மாவும் பேசி அப்படியே விட்டுவிட்டார்கள்.

"செத்தது லிஸ்ட்ல இருக்கு, இருக்கிறது லிஸ்ட்ல இல்ல" என்றான் மீசை. "வேற என்னக்கா பண்றது?"

அக்கா கேட்டது வேறு. "முட்டையை இதுதான் திருப்பி அனுப்புதா?"

"மோந்துகூடப் பார்க்காது."

"ஏழு மாசமா நான் விதவிதமா செஞ்சு அனுப்பிக்கிட்டு இருக்கேன். நீ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே? சொல்லியிருக்கலாமே."

"யாராவது சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்கா."

கரடி எழுந்து கம்பிக்கு அருகில் வந்தது. அக்காவின் பக்கம் மூக்கை நீட்டிக் காற்றை இழுத்தது. பிறகு மூலைக்கே திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து தலையை ஆட்டத் தொடங்கியது.

மாலையில் பஸ்ஸில் பிள்ளைகள் இருவரும் தூங்கிப்போனார்கள். வீட்டில் அவள் நடந்ததைச் சொல்ல, கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கரடி செத்ததுக்குக் கோவமா, உன்கிட்ட சொல்லாததுக்குக் கோவமா?" என்றார்.

"தெரியல. எனக்குப் பசிக்குது" என்றாள் அக்கா.

மறுநாள் காலை அவள் முப்பத்தோராம் வாளிக்கு முட்டை போடவில்லை. அந்த எடைக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கை அவித்து, தோலுரித்து, மசித்துக் கலந்தாள். பட்டியலில் இல்லாததை வாளியில் போடுவது அந்த அறையில் பெரிய குற்றம். ஸ்டோர்காரர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார்.

"என்னக்கா இது?"

"நேத்து போய்ப் பார்த்தேன் சார்."

ஸ்டோர்காரர் வாளியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அறையில் மற்ற நாலு பேரின் கத்திச் சத்தமும் நின்றது.

"பேரை மாத்தினா மொத்தமா அடிபட்டுப் போயிடும்" என்றார் அவர் தணிந்த குரலில். "அதனாலதான்..."

"பேரை மாத்தச் சொல்லல. வாளியை நிறுத்தச் சொல்லல. முட்டை திங்கலன்னு உங்ககிட்ட மூணு தடவ வந்து சொன்னேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"கிச்சனுக்குச் சொல்லணும்னு யாருக்கும் தோணலக்கா" என்றார் ஸ்டோர்காரர். அவர் பொய் சொல்லவில்லை என்பது அக்காவுக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் மேற்கொண்டு பேசாமல் கேரட்டை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். அன்று கிளிகளுக்குப் போன கேரட் வழக்கத்தைவிடப் பொடியாக இருந்தது.

ஒன்பது மணிக்கு டாக்டரம்மா வந்தார். முப்பது வயதுக்காரர், எப்போதும் நடந்துகொண்டே பேசுகிறவர்.

"முட்டையை யார் நிறுத்தினது?"

"நான்தான் டாக்டரம்மா."

"என்கிட்ட கேட்கணும் இல்லையா?"

"கேட்கிறதுக்கு, அங்கே யாரு இருக்காங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்லையா?"

டாக்டரம்மா நின்றார். மிச்சம் எழுதும் நோட்டைக் கேட்டு வாங்கி, ஏழு மாதத்துக்குப் பின்னால் போய், ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒவ்வொரு நாளும் முப்பத்தொன்றுக்கு நேரே அக்காவின் கோணல் கையெழுத்தில் 'முட்டை' என்று இருந்தது. சில நாட்களில் 'மசித்தும் வேண்டாம்', 'தேன் தடவியும் வேண்டாம்' என்றும் இருந்தது. அவர் நோட்டை மூடினார்.

"இதுல நான் வாரா வாரம் கையெழுத்துப் போடுறேன்" என்றார். "ஒரு நாளும் படிச்சதில்ல."

கிழங்குக்கு அனுமதி கிடைத்தது. மூன்று வாரம் கழித்து எடை பார்த்தபோது கரடி ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தது. அதிகம் ஒன்றும் இல்லை என்றாலும் மீசை அதை வந்து சொல்லிவிட்டுப் போனான்.

அக்கா அதற்குமேல் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். தீவன அறைக் கதவருகே ஒரு கரும்பலகை. பிறப்பு, சாவு, வருவது, போவது, எதுவானாலும் வாளியை எடுக்கும்முன் அதில் எழுதணும். கீப்பர்கள் முதலில் கேலி செய்தார்கள். "அக்கா, எங்க வீட்டுல விருந்தாளி வந்தாலும் எழுதணுமா?" என்றான் ஒருவன். "எழுது, ஆனா வாளி கிடையாது" என்றாள் அக்கா. முதல் வாரம் பலகை காலியாகவே இருந்தது. அதற்கப்புறம் யாரோ '19 - இரண்டு குட்டி' என்று எழுதினார்கள். ஒரு வயதான மயில் செத்த அன்று அதன் கீப்பர் எழுதவில்லை. நேரே உள்ளே வந்து, அக்காவின் பக்கத்தில் சிறிது நேரம் நின்று, சொல்லிவிட்டுப் போனான். அவள் அந்த வாளியை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள்.

புதன்கிழமைகளில் அவள் உடுப்பை மாற்றிக்கொண்டு, வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போகாமல் உள்ளே நடந்து முன்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தாள். சுற்றுவழி, நாற்பது நிமிஷம் கூடுதல். டிக்கெட் இளைஞன் தலையசைப்பான். அவள் மிருகங்களை ரசித்தாள் என்று சொல்ல முடியாது. சாணத்தைப் பார்த்தாள். தரையில் எந்த அளவுத் துண்டு மிஞ்சிக் கிடக்கிறது என்று பார்த்தாள். எது யாரைத் தள்ளிவிட்டுத் தின்கிறது என்று பார்த்தாள். ஒருமுறை ஒரு பார்வையாளர், "இது என்னங்க சாப்பிடும்?" என்று பேச்சுக்குக் கேட்டுவைக்க, "கோஸ் எண்ணூறு கிராம், கேரட் நானூறு, வாழைப்பழம் மூணு, ஞாயித்துக்கிழமை ரெண்டு" என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். அவர் மெதுவாக அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிட்டார். அந்த நடையின் கடைசியில் மீசை இரும்புக் கதவைத் திறந்துவிடுவான். அவள் கையோடு கொண்டுபோன மசித்த கிழங்கைக் கரடிக்கு வைத்துவிட்டு, பத்து நிமிஷம் உள்ளே நின்றுவிட்டுப் போவாள்.

காகிதம் வர மேலும் பதின்மூன்று மாதம் ஆயிற்று. அதில் இருந்தது யாரும் எதிர்பார்த்ததல்ல. கரடியை இங்கே வைத்துக்கொள்ளக் கூடாது. இப்படி மீட்ட கரடிகளுக்காகவே தூரத்தில், மலைக்காட்டை ஒட்டி ஒரு காப்பகம் இருக்கிறது, அங்கே அனுப்ப வேண்டும். டாக்டரம்மா அந்தக் காகிதத்தோடு தீவன அறைக்கு வந்தார். ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"தீவனக் குறிப்பு அனுப்பணும். நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்."

"பட்டியல்லதான் இருக்கே."

"பட்டியல்ல இன்னும் முட்டை இருக்கு அக்கா. நீங்க சொல்லுங்க."

அக்கா கத்தியைக் கீழே வைக்காமலேயே சொன்னாள். கஞ்சி கெட்டியா இருக்கக் கூடாது. கிழங்கு தோல் இல்லாம. மாத்திரையைப் பேரீச்சம்பழத்துல வச்சா கண்டுபிடிச்சிடும், வாழைப்பழத்துல வைக்கணும். மழை நாள்ல கொஞ்சம் குறைச்சுத்தான் திங்கும், பயப்பட வேணாம். டாக்டரம்மா இரண்டு பக்கம் எழுதினார். கீழே 'தயாரித்தவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதப் போய், நிறுத்தி, பேனாவை அவளிடம் நீட்டினார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். காகிதத்தில் ஓர் ஈரமான விரல்தடம் விழுந்தது.

லாரி கிளம்பியது காலை ஆறே முக்காலுக்கு. வாளிகள் பாதிதான் நிறைந்திருந்தன. அவளால் எழுந்து போக முடியவில்லை. பின்வாசல் வழியாக லாரி போகும் சத்தம் கேட்டது. பக்கத்தில் இருந்தவள், "போகுது போல" என்றாள். "ம்" என்றாள் அக்கா.

எட்டாம் நாள் ஸ்டோர்காரர் தன் கைபேசியை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தார். "காப்பகத்துலேருந்து. சமைக்கிறவங்ககிட்டதான் பேசணுமாம்."

அக்கா கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், வயது குறைந்தது, களைத்திருந்தது.

"அம்மா, நீங்க எழுதினபடியேதான் செய்றோம். ஆனா சரியா சாப்பிட மாட்டேங்குது. வச்சதும் எழுந்து நின்னு தலையை ஆட்டுது, சுத்திச் சுத்தி வருது. கஞ்சி ஆறிப்போயிடுது."

"வச்சிட்டு நீங்க என்ன பண்றீங்க?"

"சாப்பிடுதான்னு முன்னாடி நின்னு பார்த்துக்கிட்டு இருப்போம். நாங்க மூணு பேரு."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "முன்னாடி நிக்காதீங்கம்மா. அது ஆடினாத்தான் சோறுன்னு வளர்ந்தது. ஆளுங்க நின்னு பார்த்தா, முதல்ல ஆடணும்போலன்னு நெனச்சுக்கும். வச்சிட்டுத் திரும்பிப் பார்க்காம போயிடுங்க. நானே பார்த்திருக்கேன். நான் முதுகைத் திருப்பிக்கிட்டு நின்னாத்தான் வாயை வைக்கும்."

"இதை நீங்க குறிப்புல எழுதலையே" என்றது குரல்.

"சாப்பாட்டைப் பத்தித்தானே கேட்டாங்க" என்றாள் அக்கா.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மறுபடி போன் வந்தது. ஸ்டோர்காரர் கேட்டுவிட்டு, "முழுசா குடிச்சிடுச்சாம்" என்று கதவிலிருந்தே சொன்னார். அக்கா தலையை ஆட்டிவிட்டு அடுத்த பூசணியை மேஜைமேல் தூக்கி வைத்தாள். யானைக்கு இன்னும் நாலு பாக்கி இருந்தது.